வம்சாவளி எழுதுவதும் ஆண்டுதோறும் கூடுவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பம் முதல்முறை ஒன்றுகூடிய நாளில், இரண்டு வருடமாகச் சேர்த்த வம்சாவளிப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு சிவப்புப் பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பாராட்டு வரும் என்று நினைத்திருந்தேன். மாலைக்குள் முப்பதுக்கு மேல் திருத்தங்கள் வந்தன. கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் ஒரு சித்தப்பாவை நான் சாகடித்திருந்தேன். அவரே வந்து அந்த வருடத்தை அடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார். அண்ணன் தம்பி இருவரை அப்பா மகனாக்கி வைத்திருந்தேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் வயதான அத்தைப்பாட்டி ஒருவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, இரண்டு பெயர்களுக்கு நடுவே சின்னதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். மூன்று வயதில் இறந்துபோன அவருடைய மகள். அந்தப் பெயரை அந்தப் பேரன் அதுவரை கேட்டதே இல்லை.

வம்சாவளியை ஒரே ஆள் உட்கார்ந்து எழுதி முடித்துவிட முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எழுதுவது பாதி வேலை. எழுதியதை எல்லோர் முன்னாலும் வைத்துத் திருத்தி வாங்குவது மீதிப் பாதி. வருடா வருடம் கூடுவதே அதற்குத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்; சாப்பாடும் பாட்டும் விளையாட்டும் கூடவே வரட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எல்லையைப் போடுங்கள்

மேலே ஏறப்போகிறீர்களா, கீழே இறங்கப்போகிறீர்களா? உங்களிலிருந்து அப்பா அம்மா, தாத்தா பாட்டி என்று முன்னோரைத் தேடிப் போவது ஒன்று. ஒரு மூத்த தம்பதியில் தொடங்கி அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இறங்கி வருவது இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் நூல்கண்டு சிக்கல்தான்.

ஏறுவழிக் கணக்கு மளமளவென்று வீங்கும். தலைமுறைக்கு இரண்டு மடங்கு: பத்தாவது தலைமுறையில் 1,024 பேர், இருபதாவதில் 10,48,576 பேர், முப்பதாவதில் 107 கோடியைத் தாண்டும். தலைமுறைக்கு 25 முதல் 30 வருடம் என்று வைத்தால் அது சுமார் 750 முதல் 900 வருடங்களுக்கு முன்பு. அப்போது உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. உறவுக்குள் திருமணங்கள் நடந்து, ஒரே முன்னோர் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருவதால்தான் கணக்கு சரிக்கட்டுகிறது. அதனால் யாராவது "நாங்கள் ராஜ பரம்பரை" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். இருக்கலாம். காகிதம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்றுகூடலுக்கு இறங்குவழிதான் உதவும். இன்று இருப்பவர்களில் மூத்தவருக்கு யாருடைய முகம் நினைவில் இருக்கிறதோ அந்தத் தம்பதியை, அல்லது அவர்களுக்கு ஒரு தலைமுறை முந்தையவர்களை வேராக வையுங்கள். அதற்கும் மேலே போனால் கூட்டம் கைமீறும். 2012 ஆகஸ்ட் 12 அன்று பிரான்சின் வாந்தே பகுதியில் போர்ட்டோ-புவாலேவ் குடும்பத்தார் 4,514 பேர் கூடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். நமக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற அளவு போதும்.

ஒரு விஷயத்தை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: பெண்வழி உண்டா, இல்லையா. சீன ஞானி கன்ஃபூஷியஸின் வம்சாவளி உலகத்திலேயே மிக நீண்டவற்றில் ஒன்று. 2009ல் வெளிவந்த அதன் பதிப்பு 80 தொகுதிகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்டது. பெண்களின் பெயர்களுக்கு அதில் இடம் கிடைத்தது அந்தப் பதிப்பில்தான். மகள்களின் பிள்ளைகளை "அவர்கள் வேறு குடும்பம்" என்று விட்டால் படத்தில் பாதி போய்விடும். ஒன்றுகூடலுக்கு வருகிறவர்களில் பாதியும் போய்விடும்.

வீட்டைக் கிளறுங்கள்

வெளியே தேடப் போகுமுன் பீரோவைத் திறங்கள். சான்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகைகள், பத்திரங்கள், பழைய கடவுச்சீட்டு, கடிதங்களின் உறை (முத்திரையில் தேதியும் ஊரும் இருக்கும்), கணக்கு நோட்டுகள், புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாரோ எழுதி வைத்த பெயர். எதையும் எடுத்த இடத்திலேயே படம் பிடியுங்கள். மூலத்தைத் தரும்படி கேட்காதீர்கள். கேட்டால் பீரோ மூடிக்கொள்ளும்.

பெரியவர்களிடம் கேட்பது

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஆவணம் பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

மூத்தவர், உடம்பு சரியில்லாதவர், நினைவு தப்பத் தொடங்கியவர் என்ற வரிசையில் போங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். பதிவு செய்ய அனுமதி கேட்டுவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துணியின் மேல் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். துணி இல்லாவிட்டால் மேசையில் கை பட்டாலே இடி மாதிரிப் பதிவாகும். தேதி, இடம், பேசுகிறவர் பெயர் ஆகிய மூன்றையும் முதலில் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பெயரில்லாத ஒலிக்கோப்பு ஐந்தாறு சேர்ந்தால் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

"எந்த வருடம் பிறந்தீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். தேர்வு எழுதுகிற பயம் வந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: "நீங்கள் சின்ன வயதில் இருந்த வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடந்து வாருங்கள். முதலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" வாசல், கூடம், அடுப்படி, பின்கட்டு என்று அவர் நடக்க நடக்க ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் கிடைப்பார். எந்தப் படத்திலும் இல்லாத, அந்த வீட்டோடு தங்கிவிட்ட விதவை அத்தை, வேலைக்கு வந்து சொந்தமாகிப்போனவர் எல்லாரும் இப்படித்தான் வெளியே வருவார்கள்.

வருடம் தெரியாவிட்டால் வரிசையைக் கேளுங்கள்: யார் மூத்தவர், யாருக்கு முதலில் கல்யாணம், யார் பிறந்தபோது யார் இறந்திருந்தார். பிறகு ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியில் முடிச்சுப் போடுங்கள். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய செய்தி வந்தபோது அண்ணன் நடக்க ஆரம்பித்திருந்தாரா, கைக்குழந்தையா? இந்த ஒரு கேள்வி பிறந்த வருடத்தை ஓரிரு வருட வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிடும்.

உறவுச்சொல்லை நம்பி எழுதாதீர்கள். தமிழில் 'பெரியம்மா' என்றால் அம்மாவின் அக்காவாகவும் இருக்கலாம், பெரியப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம். 'மாமா'வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: அம்மாவோடு பிறந்தவர், அத்தையின் கணவர், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் மாமாதான். ஒவ்வொரு தடவையும் "அவர் யாருக்குப் பிறந்தவர்?" என்று கேட்டு எழுதுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பமென்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. நான் அண்ணன் தம்பியை அப்பா மகனாக்கியது அப்படித்தான்.

ஒரு கேள்விக்கு அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். இடையில் புகுந்து எடுத்துக்கொடுத்தால், அவர் சொல்ல வந்தது போய் நீங்கள் சொன்னதற்குத் தலையாட்டுவதில் முடியும். கூடப் பிறந்தவர்கள் இருவரை முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் குரல் பெரியவர் சொன்னதுதான் வரலாறு. சண்டை போடட்டும், ஆனால் அது ஒன்றுகூடல் அன்றைக்கு.

பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள் 'உனக்குத் தெரியுமா' என்று 20 கேள்விகள் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டது. விடைகளை மனப்பாடம் செய்து பயனில்லை. அவற்றை உட்கார்ந்து பேசுகிற வீடாக இருக்க வேண்டும்.

யார் சொன்னது, எப்போது சொன்னது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் இதை எழுதாவிட்டால் மூன்றாவது வருடம் உங்கள் படத்தை நீங்களே நம்ப மாட்டீர்கள். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "பிறப்பு: சுமார் 1931. சொன்னவர்: இளைய தங்கை, நேரில். பள்ளிச் சான்றிதழில் 1933. தங்கை சொன்னது அண்ணன் கல்யாணத்தோடு பொருந்துகிறது." முரண்பட்டால் இரண்டையும் வைத்திருங்கள், பிடிக்காததை அழிக்காதீர்கள்.

அரசு முத்திரை இருப்பதால் மட்டும் ஒரு தேதி சரியாகிவிடாது. இறப்புச் சான்றிதழில் இறந்த தேதியை நம்பலாம். அந்த நாளில் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னது. அதே காகிதத்தில் உள்ள பிறந்த தேதி, துக்கத்தில் இருந்த மகன் நினைவிலிருந்து சொன்னது. கல்லறைக் கல்லும் அப்படித்தான்.

ஆவணங்களைத் தேடும்போது

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள், மத நிறுவனங்களின் பேரேடுகள், குடிக்கணக்கு, நிலப்பத்திரம், கப்பல் பயணிகள் பட்டியல், பள்ளி, ராணுவப் பதிவுகள் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஏதோ ஒன்று கிடைக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் தொடங்குங்கள்; இலவசம். 1894ல் அமெரிக்காவில் யூட்டா வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938 முதல் உலகம் முழுக்கப் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் (மைக்ரோஃபிலிம்) எடுத்தவர்கள். அந்த 24 லட்சம் சுருள்களை டிஜிட்டலாக்கும் பணி 2021ல் முடிந்தது. எழுத்துத் தேடலில் வராத பதிவுகளும் படங்களாக உள்ளே கிடக்கின்றன. பக்கம் பக்கமாகப் புரட்டப் பொறுமை வேண்டும்.

பெயரின் எழுத்துகூட்டலைப் பிடித்துத் தொங்காதீர்கள். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதியிருப்பார். ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பார்.

நாட்காட்டி இன்னொரு குழி. பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, 1582ல் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது, அதுவும் சில நாடுகளில் மட்டும். பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752ல்தான் மாறின: செப்டம்பர் 2க்கு அடுத்து 14. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. போதாததற்கு 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படிப் புத்தாண்டு மார்ச் 25. மகன் ஜனவரியிலும் அவனுக்கு மூத்தவன் அதே வருட ஏப்ரலிலும் பிறந்ததாக இருந்தால் எழுத்தர் மேல் கோபப்படுமுன் இதை யோசியுங்கள்: அன்றைய கணக்கில் ஏப்ரல் வருடத் தொடக்கம், ஜனவரி வருடக் கடைசி.

இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் மரங்கள் துப்பு மட்டுமே, சாட்சி ஆகாது. ஒருவர் தவறாகப் போட்டதை நூறு பேர் நகலெடுத்தால் அது நூறு சாட்சி மாதிரித் தெரியும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசம் பத்து, அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்துக் குழந்தை என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

எண்ணும் மென்பொருளும்

முன்னோருக்கு எளிய எண்முறை ஒன்று உண்டு. 1590ல் மிக்கேல் எய்ட்சிங்கர் என்ற ஆஸ்திரிய வரலாற்றாளர் பயன்படுத்தியது. நீங்கள் 1. ஒருவருடைய அப்பாவின் எண் அவர் எண்ணைப் போல் இரு மடங்கு; அம்மாவுக்கு அதோடு ஒன்று கூட்டுங்கள். அப்பா 2, அம்மா 3, அம்மாவின் அப்பா 6, அவருடைய அம்மா 13. எண்ணைப் பார்த்தாலே யார் என்று தெரியும். இறங்குவழிக்குப் புள்ளி முறை போதும்: வேர் 1, மூத்த பிள்ளை 1.1, அடுத்தவர் 1.2, மூத்தவரின் இரண்டாவது பிள்ளை 1.1.2. இந்த எண் ஒன்றுகூடலில் ரொம்பப் பயன்படும், பின்னால் சொல்கிறேன்.

கிராம்ப்ஸ் என்ற இலவசத் திறந்தமூல மென்பொருள் நன்றாகவே இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் ஜெட்காம் வடிவத்தில் கோப்பை வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். 1984லிருந்து இருக்கும் பொது வடிவம் அது. ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் உங்கள் மரம் பிழைக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு ஊரில். கூடவே காகிதத்தில் ஒன்று.

புகைப்படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக ஒன்றும் அனுப்ப வசதியாக ஜேபெக் ஒன்றும் வையுங்கள். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயின்ட் பேனா படத்தின் முன்பக்கம் வரை தடம் பதிக்கும். லேமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

டிஎன்ஏ சோதனை வேண்டுமா?

ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் தெரிந்து செய்யட்டும். கூடப் பிறந்தவர்கள் சராசரியாக 50 சதவீதம் பகிர்வார்கள். தந்தை மட்டும் அல்லது தாய் மட்டும் ஒன்றானவர்கள் 25 சதவீதம். பெரியப்பா, சித்தி பிள்ளைகள் 12.5 சதவீதம். அதற்கு அடுத்த தலைமுறையில் சுமார் 3 சதவீதம்தான். நாலாம் தலைமுறை முன்னோரைப் பகிரும் மூன்றாம் படி உறவினர்களிலேயே சுமார் பத்தில் ஒருவரோடு எதுவும் பொருந்தாது. பொருந்தாததால் உறவு இல்லை என்று ஆகாது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், மகள்கள் வழியாகத் தொடரும்.

சோதனை உங்களுடையது, முடிவு குடும்பம் முழுவதையும் தொடும். தத்து, மறைத்த திருமணம், வேறு தந்தை எல்லாம் ஒரு மின்னஞ்சலில் வெளிவந்துவிடும். தரவும் உங்கள் கையில் இல்லை: 2023ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் வெளியேறின, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு மனு செய்தது.

உயிரோடு இருப்பவர்களின் ரகசியத்துக்கு என் விதி இதுதான்: நோட்டில் எழுதுவேன், சுவரில் ஒட்ட மாட்டேன். சுவருக்குப் போகும் படத்தில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயர் மட்டும், பிறந்த தேதி கிடையாது.

ஒன்றுகூடலைக் கட்டுவது

தேதியைப் பேசி முடிவு செய்யாதீர்கள், விதியாக்குங்கள். "இந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை" என்று ஒருமுறை வைத்துவிட்டால் அதற்கப்புறம் வருடா வருடம் வாக்கெடுப்பு வேண்டாம். எல்லோருக்கும் வசதியான நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பொறுப்பு கிளைக்குக் கிளை சுழலட்டும். ஒரே ஆள் ஐந்து வருடம் இழுத்தால் ஆறாவது வருடம் அவரும் வர மாட்டார். ஆனால் வம்சாவளி நோட்டு மட்டும் சுழலக் கூடாது. அதற்கு இரண்டு பேர் நிரந்தரம், ஒருவர் முப்பது வயதுக்குக் கீழே. ஆறு மாதம் முன்பே இடம், மூன்று மாதம் முன்பே தலைக்கணக்கு, ஒரு மாதம் முன்பு படத்தின் வரைவை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

பணம்: குடும்பத்துக்கு இவ்வளவு என்று வையுங்கள், தலைக்கு வேண்டாம், பிள்ளைகள் அதிகமுள்ளவர்கள் வராமல் போய்விடுவார்கள். கொடுக்க முடியாதவரின் பங்கை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் போட்டுவிட வேண்டும். கணக்கை ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். சொத்துப் பேச்சு அன்றைக்கு இல்லை என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அன்றைய நாள்

வாசலில் பெயர் அட்டை. கிளைக்கு ஒரு நிறம், பெயருக்குக் கீழே அந்தப் புள்ளி எண். 1.3.2.1 என்று போட்டவர் 1.3.4.2ஐப் பார்த்ததும் "நாம் ஒரே தாத்தாவா?" என்று தானாகப் பேச்சு கிளம்பும். திருமணத்தால் வந்தவர்களுக்கும் அதே அட்டை, அதே நிறம். ஓரமாக நிற்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

குழுப்படத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். சாப்பிட்டதும் கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். எடுத்த கையோடு, வரிசை கலையுமுன், ஒருவர் இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பெயர்களைச் சொல்லிப் பதிவு செய்யட்டும். இரண்டு நிமிட வேலை. பழைய குழுப்படங்களில் முகம் தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த இரண்டு நிமிடத்தின் அருமை புரியும்.

ஒலிபெருக்கி சத்தத்திலிருந்து தள்ளி ஓர் அறை வேண்டும். காது மங்கியவர்கள் அங்கே உட்காரலாம். கதை பதிவு செய்வதும் அங்கேதான். கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் அந்த வருடம் இறந்தவர்கள் பெயர், பிறந்த குழந்தைகள் பெயர், புதிதாக வந்த மருமக்கள் பெயர் ஆகியவற்றை வாசியுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். மேடைப் பேச்சு வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களைக் காணொளியில் அழைக்க ஒரு குறிப்பிட்ட அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் அவர்கள் பார்ப்பது மேற்கூரையைத்தான்.

படத்தைச் சுவரில் ஒட்டுங்கள், பென்சிலைத் தொங்கவிடுங்கள். யார் திருத்தினாலும் பக்கத்தில் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஒரு பையன் பக்கத்திலேயே நின்று பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். பலருக்குப் பென்சிலை எடுக்கக் கூச்சம்.

பிரிந்த பிறகு

படத்தைக் கழற்றுமுன் திருத்தங்களோடு புகைப்படம் எடுங்கள். சூடு ஆறுமுன், இரண்டு வாரத்துக்குள், ஒவ்வொரு திருத்தத்தையும் நோட்டில் ஏற்றி, முரண்பட்டவற்றுக்கு அந்த இருவருக்கும் போன் போடுங்கள். புதிய படம், குழுப்படம், கணக்கு, அடுத்த தேதி நான்கையும் ஒரே தடவையில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த வருடம் அந்தச் சின்னக் கட்டத்தை மற்றவற்றின் அளவிலேயே அச்சிட்டுக் கொண்டுபோனேன். அத்தைப்பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பென்சிலை அவரே எடுத்து, மகள் பிறந்த வருடத்தில் ஒன்றைக் குறைத்தார்.